தெர்மாகோல் தலை காக்கும்!

காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒருமுறை பைக் ஓட்டியிருக்கிறீர்களா? ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம், துறைமுகத்துக்குள் நுழைவதற்காக வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். லாரிக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவே கிடைக்கிற மூன்றடி சந்துதான் டூவீலர்காரர்களுக்கு. தண்ணீர் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போக வேண்டும்.

அந்த ரோட்டில் ஒரு பிளாட்பாரக் கடை. மூங்கில் கழிகளில் வரிசையாக ஹெல்மெட்டுகள். கறுப்பு, சிவப்பு, மண்டை ஓடு படம் போட்டது என்று சகல தினுசும் தொங்கின. இரண்டு இளைஞர்கள் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ஒரு ஹெல்மெட்டைத் தலைக்கு மேலே தூக்கி, பிளாட்பாரக் கல்லில் ஓங்கி ஒரே அறை!

'டங்' என்ற சத்தத்தோடு அது உருண்டு போனது. எடுத்துவந்து காட்டினார். "பாத்தியா தம்பி... ஒரு கீறல் கீதா? நம்ம மால் ஒடையவே ஒடையாது!"

தம்பிகள் உடனே பர்ஸை எடுத்துவிட்டார்கள். நான் அந்த ஹெல்மெட்டை வாங்கி, உள்ளே விரலால் அழுத்திப் பார்த்தேன். தலையணை மாதிரி 'புஸ்' என்று உள்ளே போனது. வெறும் ஸ்பாஞ்ச்.

உடையவே உடையாது என்பது சைக்கிள் செயினுக்குப் பெருமை. பூட்டுக்குப் பெருமை. ஹெல்மெட்டுக்கு மட்டும் அது பெருமை இல்லை! ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நூறு வருஷம் பின்னால் போக வேண்டும். வாருங்கள்.

1914-ம் வருஷம். இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் ரேஸ் மைதானத்தில் டாக்டராக இருந்தவர் எரிக் கார்ட்னர். மோட்டார் சைக்கிள் ரேஸில் விழுந்து, மண்டையில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனிதர் சலித்துப்போனார். கான்வாஸ் துணியை அடுக்கி, அதன் மேல் அரக்கு பூசி, ஒரு தொப்பி செய்யச் சொன்னார். பாண்டவர்களைக் கொளுத்திப்போட துரியோதனன் நம்பினானே, அதே அரக்கு! இங்கே அது உயிரைக் காக்க வந்தது. ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் பிரபலமான டி.டி. ரேஸில் அந்த வருஷமே தொப்பி கட்டாயமாக்கப்பட்டது.

ஆனால், அதெல்லாம் ரேஸ்காரர்களுக்கு. சாதாரண ரோட்டில் போகிறவனுக்கு எதற்குத் தொப்பி?

1935 மே 13. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஒரு கிராமத்துச் சாலை. நாற்பத்தாறு வயது மனிதர் ஒருவர் தன் பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மேடு பள்ளமான ரோடு. திடீரென்று எதிரே சைக்கிளில் இரண்டு சிறுவர்கள். அவர்கள் மேல் மோதாமலிருக்க வண்டியை வளைத்தார். தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி. ஆறு நாள் நினைவு திரும்பாமலே கிடந்து, மே 19 அன்று இறந்துபோனார். அவர் பெயர் டி.இ.லாரன்ஸ். ஆம், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'! அந்தப் படம் பார்த்தவர்களுக்கு முதல் காட்சியே இந்த விபத்துதான் என்பது ஞாபகம் வரும்.

பாலைவனத்தில் துருக்கியர்களின் குண்டுகளுக்குத் தப்பியவர், வீட்டுப் பக்கத்து ரோட்டில் போய்விட்டார். அந்தப் படுக்கையைச் சுற்றி நின்ற டாக்டர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை சிகிச்சை நிபுணர். 'எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லையே' என்பது அவரைக் குடைந்திருக்க வேண்டும். அவருடைய அடுத்த சில வருஷங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குத் தபால் கொண்டுபோகும் ராணுவ வீரர்கள் எல்லோரும் மோட்டார் சைக்கிளில் பறந்தார்கள். எதிரி விமானங்களுக்குப் பயந்து தெருவிளக்குகள் அணைக்கப்பட்ட ராத்திரிகள் வேறு. கெய்ர்ன்ஸ் கணக்கெடுத்தார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனின் சாலை விபத்துகளில் இறந்த மோட்டார் சைக்கிள்காரர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களும் மொத்தம் 2,279 பேர். பெரும்பாலோர் தலையில் அடிபட்டுத்தான் இறந்தார்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு விபத்தில் சிக்கி, அவர் பார்வைக்கு வந்தவர்கள் வெறும் ஏழு பேர். ஏழு பேருமே பிழைத்துக்கொண்டார்கள்!

இதை 1941-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பத்திரிகையில் எழுதினார். அந்த வருஷம் நவம்பரில், பணியில் இருக்கும் ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்கள் எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. சாவுகள் குறைந்தன. அந்தக் குறைந்த கணக்கையும் போர் முடிந்ததும் 1946-ல் எழுதிக் காட்டினார்.

சரி, லண்டன் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? அந்த ராணுவ வீரர்கள் ஓட்டிய வண்டிகளில் ஒன்று ராயல் என்ஃபீல்ட். ரெட்டிச் என்ற ஊரில் செய்தது. அதே கம்பெனியும் நம்ம ஊர் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் ஆரம்பித்ததுதான் 'என்ஃபீல்ட் இந்தியா'. தொழிற்சாலை எங்கே? திருவொற்றியூரில்! எல்லையைக் காவல் காக்க நம் ராணுவம் கேட்ட புல்லட்டுகளுக்காகத் தொடங்கிய கதை அது. ஆரம்பத்தில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். அப்புறம் பாகங்களையும் நாமே செய்யப் பழகினோம். 1970-ல் இங்கிலாந்தில் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் 'டப்... டப்... டப்' நிற்கவே இல்லை.

1977-ல் ஒரு வேடிக்கை நடந்தது. திருவொற்றியூர் புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது. அங்கே நான்கு வருஷத்துக்கு முன்பே, 1973-ல், மோட்டார் சைக்கிளில் போகிற எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயமாகியிருந்தது. ஆக, ஒரே ஷெட்டில் பக்கத்துப் பக்கத்தில் பிறந்த இரண்டு புல்லட்டுகள். ஒன்று லண்டனுக்குப் போனது. அதை ஓட்டியவன் தலையில் கவசம். இன்னொன்று தேரடித் தெருவுக்குப் போனது. அதை ஓட்டியவர் தலையில் தேங்காய் எண்ணெய்! வண்டியை வாங்கிக்கொண்டோம். வண்டியோடு வந்த பாடத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

அது என்ன பாடம்? இப்போது பிளாட்பாரக் கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம்.

வண்டியை நிறுத்திக்கொண்டு, அதன் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால், தலை தரையைத் தொடும்போது வேகம் எவ்வளவு தெரியுமா? மணிக்குக் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். வண்டி ஓடவே இல்லை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

அந்த 20 கிலோமீட்டர் வேகம் பூஜ்யமாக வேண்டும். கான்கிரீட் மேல் வெறும் மண்டை என்றால், இரண்டரை மில்லிமீட்டருக்குள், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் பூஜ்யமாகிவிடும். நடுவில் 25 மில்லிமீட்டர் நசுங்கக்கூடிய ஒரு பொருள் இருந்தால்? ஆயிரத்தில் ஒன்பது பங்கு நொடி கிடைக்கும். ஏறக்குறைய பத்து மடங்கு அவகாசம். மூளை தாங்கவேண்டிய விசை சராசரியில் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

நான் பி.காம். பிசிக்ஸ் வாத்தியாரைக் கண்டால் ஓடியவன். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். விழுகிறவன் தரைக்குக் கடன்பட்டவன். கடன் தொகையில் ஒரு பைசா குறையாது. மொத்தமாக ஒரே தவணையில் கட்டு என்றால் குடும்பம் திவால். பத்துத் தவணையாகக் கட்டு என்றால் பிழைத்துக்கொள்ளலாம். ஹெல்மெட் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை. தவணை வாங்கித் தருகிறது. அவ்வளவுதான்!

அப்படித் தவணை வாங்கித் தருகிற பொருள் எது? அமெரிக்காவில் லம்பார்ட், ராத் என்ற இரண்டு பேர் 1947-ல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1953-ல் கிடைத்தது. மேலே கடினமான ஓடு. உள்ளே நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொண்டு, துள்ளித் திரும்பாத ஒரு மெத்தை. 'துள்ளித் திரும்பாத' என்பதில்தான் விஷயமே. ஸ்பிரிங் மாதிரி திருப்பி உதைத்தால் வாங்கிய அடியைத் தலைக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஸ்பாஞ்ச் என்றால் அழுத்தியவுடன் படுத்துவிடும். அடியின் பெரும்பகுதி அப்படியே மண்டைக்குப் போய்ச் சேரும். இரண்டும் உதவாது. மெல்ல மெல்ல நசுங்க வேண்டும். நசுங்கியது நசுங்கியபடியே கிடக்க வேண்டும்.

அந்தக் குணமுள்ள ஒரு பொருள் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. டி.வி. வாங்கியபோது பெட்டிக்குள் இருந்ததே, கொலுவுக்கு மலை செய்ய எடுத்துவைத்தீர்களே, தெர்மாகோல்! அதே ஜாதி. பெட்டியில் வருவதைவிடக் கெட்டியாக, கணக்குப் பார்த்து வார்த்தது. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த பொருள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. கோடிக்கணக்கான குட்டிக் குட்டி அறைகள். அடி விழும்போது ஒவ்வோர் அறையாக நொறுங்கும். ஒவ்வோர் அறையும் ஒரு தவணை!

மேலோட்டுக்கும் வேலை இல்லாமல் இல்லை. ஒரே புள்ளியில் விழும் அடியைப் பரப்பிவிடும். கூரான கல் உள்ளே இறங்காமல் தடுக்கும். ஆனால் உயிரைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கிற அந்த வெள்ளைப் பொருள்தான். ஒரு பெரிய அடி வாங்கியதும் அதன் ஆயுள் முடிந்தது. வெளியே கீறல் தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். உங்களுக்காக ஒரே ஒரு முறை செத்துப்போவதற்கென்றே பிறந்த பொருள் அது.

கடைக்காரர் கல்லில் அறைந்தாரே, அது வெறும் கூடு. உள்ளே நாலைந்து கிலோ தலை இல்லை. ஓடு உடையவில்லை, சந்தோஷம். ஓட்டுக்குள் இருக்கிற ஆள்?

இந்த விஷயம் எல்லோருக்கும் புரியவும் ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. 1956-ல் அமெரிக்காவில் பீட் ஸ்னெல் என்ற கார் ரேஸ் வீரர், கார் கவிழ்ந்து இறந்தார். அவர் ஹெல்மெட் போட்டிருந்தார். அந்தக் காலத்து நல்ல ஹெல்மெட்தான். அவருடைய நண்பர் டாக்டர் ஜார்ஜ் ஸ்னைவ்லி, சந்தையில் இருந்த ஹெல்மெட்டுகளைச் சோதித்துப் பார்த்தார். பலவும் பெயருக்குத்தான் ஹெல்மெட்! 1957-ல் ஸ்னெல் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை உருவானது. ஹெல்மெட்டுகளைத் தூக்கிப் போட்டு, இடித்து, அளந்து, தேறினால் மட்டும் முத்திரை தருவது அதன் வேலை. நம் ஊர் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கான சோதனையும் அதே வழிதான். உள்ளே அளவுக் கருவி வைத்த பொம்மைத் தலையை மாட்டிவிட்டு, உயரத்திலிருந்து போடுவார்கள். ஓட்டில் கீறல் விழுந்ததா என்பது முக்கியமில்லை. பொம்மைத் தலைக்கு எவ்வளவு அடி போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

இத்தோடு கதை முடிந்ததா? இல்லை. ஓடும் வண்டியிலிருந்து யாரும் நேர் செங்குத்தாக விழுவதில்லை. சாய்வாக விழுகிறோம். தரையில் பட்டதும் தலை இழுபட்டுத் திருகிக்கொள்கிறது. சமையலறைக்குப் போய் ஒரு சொம்பில் தண்ணீர் எடுங்கள். மேலே ஒரு துளசி இலையைப் போடுங்கள். சொம்பைச் சட்டென்று திருகுங்கள். சொம்பு திரும்பும், இலை இருந்த இடத்திலேயே நிற்கும். மண்டை ஓடு சொம்பு. மூளை தண்ணீர். ஓடு திரும்பி, மூளை பின்தங்கினால், நடுவே இருக்கிற மெல்லிய நரம்பு இழைகளும் ரத்தக்குழாய்களும் இழுபட்டு அறுந்துபோகும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் இருக்காது.

இதை முதலில் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டில் கெய்ர்ன்ஸோடு வேலை பார்த்த இயற்பியல்காரர் ஹோல்போர்ன். ஜெலட்டினில் மூளை மாதிரி செய்து, திருகிப் பார்த்து, எழுதினார். வருஷம் 1943! படித்தார்கள், பாராட்டினார்கள். ஆனால் ஹெல்மெட் செய்கிறவர்கள் நேரடி அடியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து, 1996-ல், ஸ்வீடனில் ஒருவர் விழித்துக்கொண்டார். ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட், மூளை அறுவை சிகிச்சை நிபுணர். ஹெல்மெட் போட்டும் மூளை கலங்கி வருகிறார்களே என்று ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கழகத்தின் கதவைத் தட்டினார். அங்கே பீட்டர் ஹால்டின் என்ற ஆராய்ச்சியாளர் கூட்டுச் சேர்ந்தார். தலைக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே வழுக்குகிற ஒரு மெல்லிய அடுக்கை வைத்தார்கள். சாய்வாக அடி விழுந்தால் ஹெல்மெட் தலையின் மேல் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் வழுக்கிப் போகும். திருகலின் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். 'மிப்ஸ்' என்று பெயர். 2007-ல் முதலில் குதிரை ஓட்டுகிறவர்களின் ஹெல்மெட்டில் வந்தது. பிறகு பனிச்சறுக்கு ஹெல்மெட்டுகளில், சைக்கிள் ஹெல்மெட்டுகளில், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுகளில். ஸ்வீடன் பனி தேசமல்லவா... சறுக்கி விழுவதன் அருமை அவர்களுக்குத்தான் தெரியும்.

பனி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2009 மார்ச்சில் கனடாவின் ஒரு மலைச்சரிவில் ஹாலிவுட் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டிருந்தார். ஆரம்பப் பாடம் படிப்பவர்களுக்கான சாதாரணச் சரிவு. ஹெல்மெட் இல்லை. விழுந்தார். எழுந்தார். 'ஒன்றுமில்லை' என்று சிரித்தார். கொஞ்ச நேரத்தில் தலைவலி. இரண்டு நாளில் இறந்துபோனார். மண்டைக்குள் ரத்தக்கசிவு. வயது 45.

"பக்கத்துலதான்... காசிமேடு வரைக்கும் போய் மீன் வாங்கிட்டு வந்துடறேன்" என்று ஹெல்மெட்டை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போகிறோமே, நமக்காகத்தான் இதைச் சொன்னேன்.

நம் ஊர்க் கதை என்ன? ஹெல்மெட் போடச் சொல்வது சுதந்திரமாக நடமாடும் உரிமையைப் பறிப்பது என்று உச்ச நீதிமன்றம் வரை போனவர் உண்டு. அது ஆந்திராவிலிருந்து போன வழக்கு. உரிமையெல்லாம் பறிபோகாது என்று 1988-ல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு வந்த மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்றார்கள். சில வாரம் தலைகள் பளபளத்தன. பிறகு கெடுபிடி தளர்ந்தது. ஹெல்மெட்டுகள் பெட்ரோல் டேங்க் மேல் ஏறி உட்கார்ந்தன. 2015-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரன் போட்ட உத்தரவு, ஜூலை 1 முதல் ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் கட்டாயம் என்றது. கடைகளில் தள்ளுமுள்ளு. பிளாட்பாரத்தில் புது வியாபாரம். திருவொற்றியூரில் புல்லட் தொழிற்சாலை வந்து அப்போது அறுபது வருஷம்!

அன்றைக்கு ஆயிரக்கணக்கானோர் வாங்கியது எது? தலைக்கு ஹெல்மெட்டா, டிராஃபிக் போலீஸுக்குக் காட்ட ஒரு ரசீதா?

2021 ஜூன் 1 முதல், ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டைச் செய்வதும் விற்பதும் குற்றம். ஆனால் முத்திரையைவிட மலிவானது முத்திரை ஸ்டிக்கர். மத்திய அரசின் கணக்குப்படி 2022-ம் வருஷம் இந்தியாவில் ஹெல்மெட் போடாததால் போன உயிர்கள் 50,029. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அப்பா தலையில் கவசம், அம்மா தலையில் மல்லிகைப்பூ, நடுவில் குழந்தை என்று போகும் வண்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2008-ல் கோக்ரேன் அமைப்பு ஒரு கணக்குச் சொன்னது. ஹெல்மெட், தலைக்காய ஆபத்தை 69 சதவிகிதம் குறைக்கிறது. மரண ஆபத்தை 42 சதவிகிதம். நூறு சதவிகிதம் இல்லை, கவனியுங்கள். கன்டெய்னர் லாரியின் சக்கரத்துக்கு எந்த ஹெல்மெட்டும் பதில் சொல்லாது. அதற்கு ரோடு வேண்டும், ஒழுங்கு வேண்டும். அது அரசாங்கத்தின் பாக்கி. அந்தப் பாக்கி வசூலாகும் வரை, நம் கையில் இருக்கிற 42-ஐ எதற்கு விட வேண்டும்?

வேர்க்கிறது, முடி கொட்டுகிறது, ஹாரன் கேட்பதில்லை... எல்லாப் புகாரும் எனக்கும் தெரியும். மே மாத எண்ணூர் வெயிலில் ஹெல்மெட்டுக்குள் தலை அவிகிறதுதான். கார்ட்னர் காலத்து ரேஸ்காரர்களும் இதேபோல முணுமுணுத்திருப்பார்கள்.

அந்தப் பிளாட்பாரத்துக்குத் திரும்புவோம். இரண்டு தம்பிகளில் ஒருவனிடம், "உள்ள அமுக்கிப் பாருப்பா" என்றேன். அமுக்கினான். முழித்தான். என்ன இருக்க வேண்டும் என்று சொன்னேன். கடைக்காரருக்குக் கோபம். "சார், நூறு இருநூறுக்கு இன்னா சார் கெடைக்கும்? போலீஸ் புடிக்கக் கூடாது, அவ்ளோதான வோணும்?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் கேட்டதைத்தான் அவர் விற்கிறார்.

ஒரு தம்பி வாங்காமல் போனான். இன்னொருவன் வாங்கி, மாட்டி, தாடைப் பட்டையைப் போடாமலேயே கிளம்பிவிட்டான்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் ஹெல்மெட்டைத் திருப்பிப் பாருங்கள். உள்துணியை விலக்கி விரலால் அழுத்துங்கள். அழுத்தமாக, விரலுக்கு அடங்காமல் வெள்ளையாகவோ கறுப்பாகவோ தெர்மாகோல் தட்டுப்படுகிறதா? நல்லது. மாட்டுங்கள். பட்டையில் 'க்ளிக்' சத்தம் கேட்கட்டும். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று வாங்குங்கள்.

தர்மம் தலை காக்கும் என்பார்கள். காக்கட்டும். அது வந்து சேர்கிற வரைக்கும் ஆயிரத்தில் ஒன்பது பங்கு நொடியாவது தலை தாங்க வேண்டுமே!